கர்ப்பிணிக்கு நடை வேண்டும், சுமை வேண்டாம்

சினைப் பசுவைப் பராமரிப்பது பற்றி நம் விவசாயிகளுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. சினைக்கு 7 மாதம் ஆனதும் பால் கறப்பதைப் படிப்படியாக நிறுத்தி, மடியை வற்ற விடுகிறோம். மேடு பள்ளத்தில் விரட்டி ஓட்டுவதில்லை. மற்ற மாடுகள் முட்டாமல் இருக்கத் தனியே கட்டுகிறோம். அதே சமயம், கொட்டிலிலேயே நாள் முழுவதும் கட்டிப் போடுவதும் இல்லை. காலையிலும் மாலையிலும் காலாற நடக்க விடுகிறோம். சுமையைக் குறைக்க வேண்டும், நடையை நிறுத்தக் கூடாது என்பது நமக்கு அனுபவத்தில் தெரிந்த உண்மை.

மனிதரை மாட்டோடு ஒப்பிடுவதாக எண்ண வேண்டாம். மாட்டுக்குக் காட்டும் இந்த அறிவை நம் வீட்டு மகளுக்கும் மருமகளுக்கும் காட்டுகிறோமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான வீடுகளில் இரண்டு தவறுகளில் ஒன்று நடக்கிறது. ஒரு வீட்டில், கர்ப்பிணி பேறுகாலம் வரை நாற்று முடி சுமக்கிறாள், குனிந்து களை எடுக்கிறாள். இன்னொரு வீட்டில், நெடுநாள் கழித்து உண்டான கர்ப்பம் என்று கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. இரண்டுமே தாய்க்கும் சேய்க்கும் நல்லதல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமத்துக்குக் குறுவை நடவு பற்றிய பயிற்சிக்காகச் சென்றிருந்தேன். பகல் 12 மணி. நட்டுக் கொண்டிருந்த பெண்களில் ஒருவர் 7 மாதக் கர்ப்பிணி. வரப்பில் நின்ற அவருடைய மாமியாரிடம், "இந்த வெயிலில் இவரை நட விடலாமா?" என்று கேட்டேன்.

"என் மவனைப் பெத்த அன்னிக்குக் காலையில கூட நான் நாத்து முடி தூக்கினவ ஐயா. எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?" என்றார் அந்த அம்மாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் அம்மா?"

"எட்டு பெத்தேன். தங்கினது அஞ்சு."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மூன்று குழந்தைகள் எதனால் இறந்தன என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் "எங்கள் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்கிறவர்கள், தங்காமல் போனவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சற்று நேரம் பேசாமல் நின்ற அந்த அம்மாளே, "போதும் புள்ளே, கரையேறு" என்று மருமகளைக் கூப்பிட்டார்.

நான் மருத்துவன் அல்ல. வேளாண் விரிவாக்கப் பணியில் இருப்பவன். எந்த வேலையை யார், எப்போது, எந்தக் கருவியைக் கொண்டு செய்யலாம் என்று பார்ப்பது என் துறை. மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரைகளை நம் வயலுக்கும் வீட்டுக்கும் பொருத்தி இங்கே தருகிறேன்.

வயல் வேலை வேறு, உடற்பயிற்சி வேறு

"நாள் முழுவதும் வயலில் பாடுபடுகிறவளுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வயல் வேலை உடலை உழைக்க வைக்கிறதே தவிர, உடற்பயிற்சி தரும் பயன் முழுவதையும் தருவதில்லை.

உடற்பயிற்சியில் வேகம் நம் கையில் இருக்கிறது. களைத்தால் நின்று கொள்ளலாம். நடவிலும் களையெடுப்பிலும் பக்கத்து ஆள் முன்னேறும்போது நாமும் முன்னேற வேண்டும். நடுவில் நின்றால் கூலி குறையுமோ, மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் வேறு. பயிற்சியில் எல்லா மூட்டுகளும் தசைகளும் மாறி மாறி இயங்குகின்றன. நடவில் பல மணி நேரம் முதுகு ஒரே நிலையில் வளைந்திருக்கிறது. கர்ப்பத்தில் மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் இயல்பாகவே தளர்ந்திருக்கும். வயிறு முன்னே தள்ளுவதால் இடுப்பின் மேல் பாரம் கூடும். இந்த நிலையில் குனிந்தே வேலை செய்தால் முதுகுவலி வரும். நிமிரும்போது தலை சுற்றி விழவும் நேரிடும்.

நெடுநேரம் நின்று செய்யும் வேலை, கடுமையான உழைப்பு, கனமான சுமை ஆகியவற்றால், குழந்தை மாதம் நிறையும் முன்பே பிறப்பதும், இரண்டரை கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறப்பதும் ஓரளவு கூடுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் எல்லாவற்றையும் விட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்பதில்லை. சுமையை, குனிவை, வெயிலை, விஷத்தைக் குறைத்து, நடையைக் கூட்ட வேண்டும் என்பதே இதன் பொருள்.

நடையினால் என்ன பயன்?

அளவான நடையும் எளிய பயிற்சிகளும் கர்ப்ப காலத்தில் வரும் சர்க்கரை நோயைத் தடுக்க உதவும். இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு குறையும். உடல் எடை அளவுக்கு மீறிக் கூடாது. மலச்சிக்கல், முதுகுவலி ஆகியவை மட்டுப்படும். இரவில் நல்ல உறக்கம் வரும். மனச்சோர்வு அண்டாது. நடப்பதால் கரு கலைந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. உடல்நலம் சரியாக உள்ள கர்ப்பிணிக்கு அளவான நடையால் கருச்சிதைவு கூடுவதில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். "அம்மி அரைத்தால், ஆட்டுக்கல் ஆட்டினால் சுகப்பிரசவம் நிச்சயம்" என்று சொல்வதுண்டு. சிரமமில்லாமல் சிறிது நேரம் ஆட்டுவதில் தவறில்லை. ஆனால் எந்தப் பயிற்சியும் சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் ஆகாது. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், அந்தப் பெண் சோம்பேறியாக இருந்தாள் என்று பழி சொல்வது பெரும் தவறு.

முதலில் செவிலியரைக் கேளுங்கள்

விதைக்கும் முன் மண் பரிசோதனை செய்வது போல, பயிற்சி தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடலைப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். கீழ்க்கண்டவர்கள் மருத்துவர் சொல்லாமல் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது.

1. இரத்தப் போக்கு உள்ளவர்கள், பனிக்குட நீர் கசிபவர்கள்.

2. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவர்கள்.

3. இரத்தக் கொதிப்பு, இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள்.

4. முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், கருப்பை வாய் பலவீனம் என்று சொல்லப்பட்டவர்கள், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள்.

5. கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள்.

கடைசியாகச் சொன்னது நம் கிராமங்களில் மிக முக்கியமானது. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் சுமார் 48 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் கடுமையான இரத்தசோகை. நான்கு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிற பெண்ணை "சோம்பல்" என்று ஏசுகிறோம். உண்மையில் அவள் உடலில் இரத்தம் இல்லை. டீசல் இல்லாத பம்பு செட்டைச் சுற்றிப் பார்த்துப் பயன் என்ன? முதலில் இரத்தம் ஊற வழி செய்ய வேண்டும்.

எவ்வளவு நடக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தடை எதுவும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் செய்வது நல்லது. அதாவது நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாட்கள். ஒரே மூச்சில் 30 நிமிடம் நடக்க வேண்டும் என்பதில்லை. மூன்று முறை பத்துப் பத்து நிமிடமாகவும் நடக்கலாம். நடந்து பழகாதவர்கள் முதல் வாரம் நாளைக்கு 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம்.

வேகத்தை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியாது. பேச்சே திணறினால் வேகம் அதிகம், நின்றுவிட வேண்டும். சிரமமில்லாமல் பாட முடிந்தால் சற்று வேகமாக நடக்கலாம்.

எங்கே நடப்பது? வரப்பில் வேண்டாம். வரப்பு குறுகலானது, மழைக்கும் பனிக்கும் வழுக்கும். வயிறு பெருத்தபின் காலடி தெரியாது. சமமான தெருவோ வண்டிப் பாதையோ நல்லது. காலையில் 8 மணிக்குள்ளும், மாலையில் 5 மணிக்கு மேலும் நடக்கலாம். செருப்பு கட்டாயம் வேண்டும். வெறுங்காலில் நடந்தால் மண்ணிலுள்ள கொக்கிப்புழு பாதத்தின் வழியே உள்ளே புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கும். வெறும் வயிற்றில் நடக்காமல், சிறிது கூழோ பழமோ உண்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட வேண்டும். துணைக்கு ஒருவர் உடன் செல்வது நல்லது. கணவரே சென்றால் இன்னும் நல்லது.

வீட்டில் செய்யும் நான்கு பயிற்சிகள்

1. சுவர்ப் பயிற்சி: சுவரில் முதுகு சாய்த்து நிற்கவும். குதிகால்கள் சுவரிலிருந்து அரை அடி தள்ளி இருக்கட்டும். முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்புக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மறையும்படி இடுப்பைச் சுவரில் அழுத்தவும். 5 எண்ணும் வரை இருந்து தளர்த்தவும். 10 முறை செய்யலாம். குனிந்து வேலை செய்தவர்களின் முதுகுவலிக்கு இது ஏற்றது.

2. பூனைப் பயிற்சி: பாயில் இரு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனை முதுகைத் தூக்குவது போல மெதுவாக உயர்த்தவும். பிறகு சமநிலைக்குக் கொண்டு வரவும். வயிற்றைத் தொங்க விட்டு முதுகைக் கீழ்நோக்கி வளைக்கக் கூடாது. 5 முதல் 10 முறை போதும்.

3. பாதப் பயிற்சி: நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் 20 முறை அசைக்கவும். பின் வட்டமாகச் சுழற்றவும். கால் வீக்கமும் இரவில் வரும் கெண்டைக்கால் பிடிப்பும் குறையும்.

4. அடிவயிற்றுத் தசைப் பயிற்சி: சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசைகளை இறுக்கி, 5 எண்ணித் தளர்த்தவும். 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. உட்கார்ந்துகொண்டே செய்யலாம். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் தொல்லையைத் தடுக்க இது உதவும். சிறுநீர் கழிக்கும் நேரத்தில் இதைச் செய்யக் கூடாது.

மூச்சை அடக்கி எந்தப் பயிற்சியும் செய்ய வேண்டாம். நான்காம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கருப்பையின் பாரம் முதுகோரம் செல்லும் பெரிய இரத்தக் குழாயை அழுத்தி, தாய்க்கு மயக்கம் வரலாம்; குழந்தைக்குச் செல்லும் இரத்தமும் குறையும். உறங்கும்போதும் ஒருக்களித்துப் படுப்பதே நல்லது. படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழ வேண்டும்.

அறவே விலக்க வேண்டியவை

பூச்சிமருந்து: தெளிப்பது மட்டுமல்ல, மருந்து கலக்குவது, தெளிப்பானைக் கழுவுவது, மருந்து கலந்த விதையைக் கையால் அள்ளுவது, தெளித்த வயலில் இறங்குவது எல்லாமே கர்ப்பிணிக்குக் கூடாது. பெட்டியில் உள்ள முக்கோணத்தின் நிறம் விஷத்தின் அளவைக் காட்டுகிறது. சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை முக்கோணம் என்றால் ஆபத்தே இல்லை என்று பொருள் அல்ல. மருந்து அடித்தவர் தம் துணியைத் தாமே, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். அந்தத் துணியை மனைவியிடம் துவைக்கக் கொடுப்பது, விஷத்தைக் கொடுப்பதற்குச் சமம்.

சுமை: நாற்றுக்கட்டு, எருக்கூடை, தழைக்கட்டு, நெல் மூட்டை ஆகியவற்றைத் தூக்க விடக் கூடாது. 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் குடம், குடத்தின் எடையைச் சேர்க்காமலே 15 கிலோ. அதைத் தினம் பத்து நடை சுமப்பது கர்ப்பிணிக்கான வேலை அல்ல. திரும்பத் திரும்பத் தூக்க வேண்டியிருந்தால் 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். தூக்கும்போது இடுப்பை வளைக்காமல், முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும்.

விழும் வாய்ப்புள்ள வேலை: பரண் ஏறுவது, வைக்கோல் போர் ஏறுவது, சேற்றில் நடப்பது, முரட்டு மாட்டைப் பிடிப்பது, உதைக்கும் மாட்டில் பால் கறப்பது.

கன்று வீசிய மாடு: மாடோ ஆடோ குறைமாதத்தில் கன்று, குட்டி போட்டால், அதையும் நஞ்சுக்கொடியையும் கர்ப்பிணி தொடவே கூடாது. புருசெல்லோசிஸ் எனும் கருச்சிதைவு நோயின் கிருமி அதில் இருக்கலாம். அது மனிதருக்கும் பரவும். கன்றுகளுக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி போடும்போதும் கர்ப்பிணி கன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பாலைக் காய்ச்சிய பின்பே குடிக்க வேண்டும்.

தேங்கிய நீர்: எலிகள் நடமாடும் வயல் நீரில் காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரக்கூடும்.

வெயில், கருவுக்கு எதிரி

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017-ல் தொடங்கி தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவர்களில் பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெப்பமான இடங்களில் வேலை செய்தவர்கள். 2024-ல் வெளியான முடிவுகள் நம் அனைவரும் அறிய வேண்டியவை. வெப்பத்தில் வேலை செய்தவர்களிடையே கருச்சிதைவு ஏற்படும் ஆபத்து, மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்காக இருந்தது.

ஆகவே முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை கர்ப்பிணி வெயிலில் இருக்கக் கூடாது. மற்ற நேரத்திலும் தலையில் துணி, அருகில் தண்ணீர், அரை மணிக்கு ஒருமுறை நிழல் வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர், நீர்மோர், கஞ்சித் தண்ணீர் குடிக்க வேண்டும். வயலில் ஒதுங்க மறைவிடம் இல்லை என்று பல பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள். இதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. அது குறைமாதப் பிரசவத்துக்கு வழி கோலலாம். வரப்போரம் நான்கு கம்பும் ஒரு பழைய சாக்கும் கொண்டு மறைப்பு கட்டுவதற்குப் பெரிய செலவில்லை.

கொடுக்கக் கூடிய வேலைகள்

காலையிலும் மாலையிலும் இடுப்பு உயரக் காய்கறி பறிப்பு. சிறு சொம்பால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது. நிழலில் உட்கார்ந்து காய் தரம் பிரிப்பது, கடலை உடைப்பது, பூக்கட்டுவது. கோழிக்குத் தீனி வைப்பது. வரவு செலவுக் கணக்கு எழுதுவது ஆகியவற்றைச் செய்யலாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு முக்காலியோ மனையோ வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு அடி நடக்க வேண்டும். விறகடுப்புப் புகையும் கருவுக்கு ஆகாது. கேஸ் அடுப்பு இருக்கும் வீட்டில், செலவை மிச்சம் பிடிப்பதற்காகக் கர்ப்பிணியை விறகடுப்பின் முன் உட்கார வைக்காதீர்கள்.

பயிர்த் திட்டத்தோடு பேறுகாலத் திட்டம்

"வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, என்ன செய்வது?" என்பதே சிறு விவசாயியின் உண்மையான கஷ்டம். கடைசி நேரத்தில் யோசித்தால் இதற்கு வழி பிறக்காது. முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தை மாதம் நடுவில் பிரசவம் என்று தேதி குறித்திருக்கிறார்கள். அப்படியானால் ஆடி நடுவில், சம்பாவுக்கு விதை வாங்கும்போது, அந்தப் பெண்ணுக்கு நான்காம் மாதம். புரட்டாசி நடவில் ஆறாம் மாதம். ஐப்பசிக் களையெடுப்பில் ஏழாம் மாதம். தை அறுவடையில் பேறுகாலம். மூன்று பெரிய வேலைகளும் அவள் செய்யக் கூடாத காலத்தில் வருகின்றன. ஆடியிலேயே இது தெரியும். எனவே ஆடியிலேயே முடிவு செய்யலாம்.

நடவைத் தவிர்க்க, உருளை விதைப்பான் கொண்டு நேரடி விதைப்பு செய்யலாம். அல்லது இயந்திர நடவுக்கு முன்பதிவு செய்யலாம். பரப்பு சிறியதாக இருந்தால், நான்கைந்து வீட்டார் சேர்ந்து, "இன்று உன் வயலில் நாங்கள், நாளை எங்கள் வயலில் நீ" என்று கைமாற்றாக வேலை செய்துகொள்ளலாம். கர்ப்பிணி தர வேண்டிய நாட்களை அவள் கணவர் ஈடு செய்யட்டும். மேட்டு நிலம் என்றால், அதிகக் களையெடுப்பும் பறிப்பும் கேட்கும் பயிரை அந்த ஒரு பட்டத்துக்கு மட்டும் தள்ளி வைக்கலாம். ஒரு பட்டத்து வருமானம் சற்றுக் குறையலாம். குறைமாதக் குழந்தையின் மருத்துவச் செலவும் மனவேதனையும் அதைவிடப் பெரிது.

கூலி வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு, வேலை இழப்பை ஈடு செய்யத் தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987 முதல் இருக்கிறது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் ரூ.18,000 மதிப்புள்ள உதவி, தவணைகளாகக் கிடைக்கும். இதற்குக் கர்ப்பம் தரித்த 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொள்வது அவசியம். தகுதி விவரங்களையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

உணவும் மாத்திரையும்

உரமில்லாமல் விளைச்சல் கேட்பது போன்றதுதான், உணவில்லாமல் பயிற்சி செய்யச் சொல்வது. கேழ்வரகு, கம்பு, பயறு, வேர்க்கடலை, முட்டை, முருங்கைக் கீரை எல்லாம் நம் நிலத்திலும் வீட்டிலும் கிடைப்பவை. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைக் கர்ப்பிணி உண்ணும் வழக்கம் ஒழிய வேண்டும். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். டீ, காபி, பால் இவற்றோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும். மலம் கருப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம். குடற்புழு மாத்திரையை முதல் மூன்று மாதம் கழிந்தபின் செவிலியர் தருவார். தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ கீழ்க்கண்ட எதைக் கண்டாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்: இரத்தப் போக்கு, நீர் கசிவு, விட்டு விட்டு வரும் இடுப்புவலி, வயிற்றுவலி, மயக்கம், மார்புவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல்.

"பொழுது விடியட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த எண் வீட்டில் அனைவருக்கும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் கூடத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பின்

அறுவடை முடிந்த நிலத்தைக் கூட ஆறப் போடுகிறோம். பிரசவம் ஆன உடல் தேற 6 வாரமாவது வேண்டும். சுகப்பிரசவம் என்றால், உடல் இடம் கொடுத்த அளவுக்குச் சில நாட்களிலேயே வீட்டுக்குள் மெல்ல நடக்கத் தொடங்கலாம். படுத்தே இருப்பதால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அறுவைச் சிகிச்சை என்றால் மருத்துவர் சொல்படி நடக்க வேண்டும். இரண்டு நிலையிலும் கனமான சுமையும் நடவும் களையெடுப்பும் கூடாது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் பூச்சிமருந்திலிருந்து விலகியே இருக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஒரு ஜோடி செருப்பு, ஒரு முக்காலி, வரப்போரம் ஒரு மறைப்பு, நாளுக்கு அரை மணி நேர நடை இருந்தால் போதும். தேவைப்படுவது கணவரும் மாமியாரும் சேர்ந்து எடுக்கும் ஒரு முடிவுதான். உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், இன்று இரவே குடும்பத்தோடு உட்கார்ந்து, அடுத்த பட்டத்தின் வேலைகளை எழுதி, அவளுக்குரியவற்றைப் பிறருக்குப் பிரித்துக் கொடுங்கள். நாளைக் காலை வெயில் ஏறும் முன் அவளோடு சேர்ந்து பத்து நிமிடம் நடந்து வாருங்கள்.